பாட வரிசையா, ஆற்று வழியா? டெல்டாப் பள்ளியில் குடிமையியலும் புவியியலும்

கடந்த ஆண்டு அரையாண்டுத் தேர்வின் விடைத்தாள்களைத் திருத்திக்கொண்டிருந்தேன். "டெல்டா என்றால் என்ன? எடுத்துக்காட்டு தருக" என்ற வினாவுக்கு ஒன்பதாம் வகுப்பு மாணவி ஒருத்தி எழுதியிருந்த விடையில் என் கை நின்றுவிட்டது. வரையறையில் ஒரு பிழையும் இல்லை. எடுத்துக்காட்டாக நைல், கங்கை இரண்டையும் எழுதியிருந்தாள். முழு மதிப்பெண் போட்டேன். ஆனால் அந்தப் பெண்ணின் வீடு காவிரி டெல்டாவில் ஓடும் பாமணியாற்றின் கரையில் இருக்கிறது. அவளுடைய அப்பா, முறைத் தண்ணீர் எப்போது வரும் என்று இரவெல்லாம் மடையில் காத்துக் கிடக்கிறவர். அதே தாளில் மாநில அரசின் அதிகாரங்களைக் கேட்ட வினாவுக்குக் காவல் துறை, பொதுச் சுகாதாரம், வேளாண்மை என்று வரிசையாக எழுதியவளுக்குத் தண்ணீர் என்ற சொல் நினைவுக்கு வரவில்லை. தான் வாழும் நிலமும் தன்னை ஆளும் அரசும் பாடப் புத்தகத்துக்குள் இருக்கின்றன என்பது அவளுக்குத் தெரியாமலே போயிற்று என்றால், குறை அவளுடையது அன்று. பாடம் நடத்திய எங்களுடையது.

இந்தக் கல்வியாண்டில் ஒன்பதாம் வகுப்புக்குப் புவியியலையும் குடிமையியலையும் எந்த முறையில் கொண்டுபோவது என்று எங்கள் பள்ளியில் முடிவு எடுக்க வேண்டியிருக்கிறது. எங்கள் முன் நான்கு வழிகள் உள்ளன. முதலாவது, புத்தகம் போட்டிருக்கும் வரிசையிலேயே இரண்டையும் தனித்தனியாக நடத்தி முடிப்பது. இரண்டாவது, குடகிலிருந்து கடல் வரை காவிரியை ஓர் இழையாகப் பிடித்துக்கொண்டு இரு பாடங்களையும் அதில் கோப்பது. மூன்றாவது, மாதிரி நடுவர் மன்றம், மாதிரிச் சட்டமன்றம் போன்ற வகுப்பறை நடிப்புகளை நம்புவது. நான்காவது, பிள்ளைகளை மதகுக்கும் கிராமசபைக்கும் நேரில் அழைத்துப் போவது. நான்கையும் வெவ்வேறு ஆண்டுகளில் ஓரளவு செய்து பார்த்திருக்கிறேன். திருவாரூர், நாகப்பட்டினம், மயிலாடுதுறை, தஞ்சாவூர் மாவட்டங்களில் இதே கேள்வியோடு இருக்கும் சமூக அறிவியல் ஆசிரியர்களுக்கு அந்த அனுபவம் பயன்படட்டும் என்று இதை எழுதுகிறேன்.

எந்த வழியை எடுத்தாலும் அது கட்டுப்பட வேண்டிய வரம்பு ஒன்று உண்டு. வரலாறு, புவியியல், குடிமையியல், பொருளியல் நான்கும் ஒரே பாடத்தின் கீழ் வருகின்றன. பெரும்பாலான உயர்நிலைப் பள்ளிகளில் நான்கையும் ஒரே ஆசிரியர்தான் நடத்துகிறார். அவர் வரலாறு படித்தவராக இருந்தால் புவியியலில் தயங்குவார். புவியியல் படித்தவர் அரசமைப்புச் சட்டத்தின் உறுப்புகளை எண்ணோடு மனப்பாடமாகச் சொல்லிவிட்டு நகர்ந்துவிடுவார். வாரத்துக்குக் கிடைக்கும் பாடவேளைகள் கைவிரலுக்குள் அடங்கும். அடுத்த ஆண்டு பத்தாம் வகுப்புப் பொதுத் தேர்வு காத்திருக்கிறது. இந்த வரம்பை மறந்து செய்யப்படும் எந்தப் புதுமையும் ஆடி மாதத்தோடு நின்றுவிடும்.

பாட வரிசை முறையை ஏளனமாகப் பார்ப்பவர்கள் உண்டு; நான் அப்படிப் பார்க்கவில்லை. நிலக்கோளம், வளிமண்டலம், நீர்க்கோளம், உயிர்க்கோளம் என்று புத்தகம் அடுக்கியிருக்கும் வரிசைக்கு ஒரு காரணம் இருக்கிறது. பாறை எப்படிச் சிதைகிறது என்று தெரியாத பிள்ளைக்கு வண்டல் எங்கிருந்து வந்தது என்று விளங்காது. காற்றழுத்தம் தெரியாமல் பருவமழை விளங்காது. குடிமையியலிலும் மக்களாட்சி, தேர்தல், மனித உரிமைகள், அரசாங்கங்களின் வகைகள், உள்ளாட்சி என்ற பாடங்களுக்குள் ஒற்றையாட்சி, கூட்டாட்சி, நாடாளுமன்ற முறை, அதிபர் முறை என்று எல்லாம் விடுபடாமல் வந்துவிடுகின்றன. ஆசிரியர் மாற்றலாகிப் போனாலும் அடுத்தவர் விட்ட இடத்திலிருந்து தொடரலாம். நடுவில் வேறு பள்ளியிலிருந்து வந்து சேரும் பிள்ளையும் தடுமாறாது. இவை சிறிய நன்மைகள் அல்ல.

ஆனால் டெல்டாவில் இந்த முறைக்கு ஒரு தனிக் குறை இருக்கிறது. புத்தகத்தின் இயற்கை நில அமைப்பு மலைகளோடு தொடங்குகிறது: எரிமலை, மடிப்பு மலை, பள்ளத்தாக்கு, அருவி. எங்கள் பிள்ளைகள் கண்ணெட்டும் தூரம் வரை ஒரு மேட்டைக்கூடப் பார்க்காதவர்கள். ஒரே உயரத்தில் இருக்கும் இடங்களை இணைக்கும் சமஉயரக் கோடு என்று கரும்பலகையில் வளையம் வளையமாக வரைந்து காட்டினால் வெங்காயத்தை வெட்டியது போல் இருக்கிறது என்று சொல்வார்கள். அவர்கள் மீது தவறில்லை. 1:50,000 அளவையில் வரும் நில அளவைத் துறை வரைபடத்தில் 20 மீட்டருக்கு ஒரு கோடுதான் போடுவார்கள். தஞ்சாவூர் சுமார் 60 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. அங்கிருந்து நாகப்பட்டினம் வரை ஏறத்தாழ 80 கிலோமீட்டர் தூரத்தில் 40 மீட்டர்க் கோடும் 20 மீட்டர்க் கோடும்தான் குறுக்கே போகும். நிலத்தில் சரிவே இல்லை என்று பிள்ளைகள் நினைத்துக்கொள்கிறார்கள். சரிவு இல்லாத நிலத்தில் தண்ணீர் எப்படி ஓடுகிறது என்ற கேள்வியைப் பாட வரிசை அவர்களிடம் கேட்பதே இல்லை. புவியியலில் கேட்கப்படாத அந்தக் கேள்வி, கடைமடைக்கு ஏன் தண்ணீர் கடைசியில் வருகிறது, யார் அதை முடிவு செய்கிறார்கள் என்ற குடிமையியல் கேள்வியையும் சேர்த்து மூடிவிடுகிறது.

ஆற்றை இழையாகப் பிடிக்கும் வழி இங்குதான் தன் பலத்தைக் காட்டுகிறது. ஒரு வகுப்பில் பிள்ளைகளிடம் ரயில் நிலையப் பெயர்ப் பலகைகளைக் குறித்துக்கொண்டு வரச் சொன்னேன். நடைமேடையின் கோடியில் இருக்கும் மஞ்சள் பலகையில் ஊர்ப் பெயருக்குக் கீழே கடல் மட்டத்திலிருந்து எத்தனை மீட்டர் என்று எழுதியிருக்கும். திருச்சிக்குப் போனவர்கள் அதை எழுதி வந்தார்கள்; தஞ்சாவூர், கும்பகோணம், மயிலாடுதுறை, திருவாரூர், நாகப்பட்டினம் என்று ஒவ்வொருவரும் ஒன்று கொண்டுவந்தார்கள். அந்த எண்களை வரைபடத் தாளில் புள்ளியாக வைத்து இணைத்தபோது, மேற்கிலிருந்து கிழக்கே மெல்ல இறங்கும் கோடு ஒன்று கிடைத்தது. கிலோமீட்டருக்கு ஒரு மீட்டர்கூட இறங்காத அந்தக் கோட்டை வகுப்பே சுற்றி நின்று பார்த்தது. ஆற்றின் மூப்பு நிலை என்று புத்தகம் சொல்வது அந்தக் கோடுதான் என்பதற்கு அதற்குமேல் விளக்கம் தேவைப்படவில்லை. வேகம் குறையும்போது தூக்கிக்கொண்டு வந்ததை ஆறு கீழே போடுகிறது. போட்டதே தன் வழியை அடைக்கும்போது கிளை கிளையாகப் பிரிகிறது. முக்கொம்பில் கொள்ளிடம் பிரிகிறது; கல்லணையில் காவிரி, வெண்ணாறு, புது ஆறு என்று தண்ணீர் பிரித்துவிடப்படுகிறது; நீடாமங்கலம் பக்கத்தில் மூணாறு தலைப்பில் வெண்ணாற்றிலிருந்து கோரையாறும் பாமணியாறும் பிரிகின்றன. அவற்றில் ஒன்றின் கரையில்தான் விடைத்தாளில் நைல் என்று எழுதிய பெண்ணின் வீடு.

அதே இழையில் அரசாங்கமும் தானாக வந்து சேர்கிறது. எங்கள் ஊர் மதகில் பலகையைத் தூக்குபவர் லஸ்கர். அவருக்கு மேலே பிரிவு அலுவலகத்தில் உதவிப் பொறியாளர், அவருக்கு மேலே கோட்டத்தில் செயற்பொறியாளர், வட்டத்தில் கண்காணிப்புப் பொறியாளர். மேட்டூரைத் திறக்கும் ஆணை சென்னையிலிருந்து வருகிறது. மேட்டூருக்கு வர வேண்டிய தண்ணீரின் கணக்கைப் பார்க்கும் காவிரி நீர் மேலாண்மை ஆணையம் டெல்லியில் இருக்கிறது. அதன் ஒழுங்காற்றுக் குழுவின் தலைமையிடம் பெங்களூரு. மாநிலப் பட்டியலின் 17 ஆவது பதிவில் தண்ணீர் இருக்கிறது, மத்தியப் பட்டியலின் 56 ஆவது பதிவில் மாநிலங்களுக்கிடையே ஓடும் ஆறுகள் இருக்கின்றன என்று தனியாகச் சொன்னால் இரண்டு எண்களும் காதில் விழுந்த வேகத்தில் போய்விடும். ஒரே தண்ணீர் எந்த இடத்தில் மாநிலத்தின் பொருளாகவும் எந்த இடத்தில் ஒன்றியத்தின் பொருளாகவும் ஆகிறது என்று, காவிரி நீர் தமிழக எல்லையில் அளக்கப்படும் பிலிகுண்டுலுவில் விரல் வைத்துக் காட்டினால், அதிகாரப் பகிர்வு என்பது நிலத்தில் இருக்கும் ஓர் இடமாக அவர்களுக்குத் தெரிகிறது.

இந்த வழியில் என் மனத்துக்கு மிக நெருக்கமான பாடம் ஓர் அட்டவணை. காவிரி நீரை மாநிலங்களுக்குப் பங்கிடும் வழக்குக்காகக் காவிரி நடுவர் மன்றம் 1990 இல் அமைக்கப்பட்டது. அதன் இறுதித் தீர்ப்பு 2007 பிப்ரவரியில் வந்தது. உச்ச நீதிமன்றம் 2018 பிப்ரவரி 16 அன்று அதைத் திருத்தி, பிலிகுண்டுலுவில் தமிழகத்துக்கு ஓராண்டில் வர வேண்டிய நீரை 192 டி.எம்.சி.யிலிருந்து (ஒரு டி.எம்.சி. என்பது 100 கோடி கன அடி) 177.25 டி.எம்.சி.யாகக் குறைத்தது. அந்த அளவு மாதவாரியாகப் பிரிக்கப்பட்டிருக்கிறது: ஜூனில் 9.19, ஜூலையில் 31.24, ஆகஸ்ட்டில் 45.95, செப்டம்பரில் 36.76, அக்டோபரில் 20.22, நவம்பரில் 13.78, டிசம்பரில் 7.35, ஜனவரியில் 2.76, பிப்ரவரி முதல் மே வரை மாதம் இரண்டரை. இந்த எண்களைப் பிள்ளைகள் பட்டை வரைபடமாக வரைந்து பார்த்தால், அது குடகிலும் வயநாட்டிலும் பெய்யும் தென்மேற்குப் பருவமழையின் ஏற்ற இறக்கமாகவே நிற்கும். ஆகஸ்ட்டில் உச்சம், பிறகு இறக்கம். எங்கள் மாவட்டத்தில் வடகிழக்குப் பருவமழை கொட்டும் ஐப்பசி, கார்த்திகையில் கர்நாடகத்திலிருந்து வர வேண்டிய அளவு குறைவாக இருக்கிறது. இரண்டு பருவமழைகளும் ஒரு நீதிமன்றத் தாளுக்குள் உட்கார்ந்திருக்கின்றன. வளிமண்டலப் பாடத்தை ஒரு மாதமும் கூட்டாட்சிப் பாடத்தை வேறொரு மாதமும் நடத்தி, பிள்ளைகள் இரண்டையும் தாமாக இணைத்துக்கொள்வார்கள் என்று எதிர்பார்த்த ஆண்டுகளை நினைத்தால் வருத்தமாக இருக்கிறது.

கணக்கு ஆசிரியரின் உதவியும் இதில் எளிதாகக் கிடைக்கும். நொடிக்கு 11,574 கன அடி வீதம் ஒரு முழு நாள் ஓடினால் ஒரு டி.எம்.சி. ஆகும், ஏறத்தாழ 22,957 ஏக்கரில் ஓரடி உயரத்துக்குத் தண்ணீரை நிறுத்தலாம். ஆகஸ்ட்டுக்குரிய 45.95 டி.எம்.சி. வர வேண்டுமானால் அந்த மாதம் முழுவதும் நொடிக்குச் சராசரியாக 17,150 கன அடிக்குமேல் வந்தாக வேண்டும். பிலிகுண்டுலு நீர்வரத்து பற்றிய நாளிதழ்ச் செய்தியை அதன்பின் பிள்ளைகள் சரிபார்க்கத் தொடங்குகிறார்கள். செய்தியை நம்புவதற்கும் சரிபார்ப்பதற்கும் இடையே இருக்கும் தூரத்தை ஒன்பதாம் வகுப்பிலேயே கடப்பது பெரிய காரியம்.

அரசாங்கங்களின் வகைகளுக்குக்கூட டெல்டாவை விட்டு வெளியே போக வேண்டியதில்லை என்பது பலருக்கும் தோன்றாத செய்தி. நாகூரைத் தாண்டி வாஞ்சூரில் பேருந்து எல்லையைக் கடந்தால் காரைக்கால். அது புதுச்சேரி ஒன்றியப் பகுதி. அங்கே ஆளுநர் இல்லை, துணைநிலை ஆளுநர். புதுச்சேரிச் சட்டமன்றத்துக்குத் தேர்ந்தெடுக்கப்படும் 30 உறுப்பினர்களில் ஐந்து பேர் காரைக்காலிலிருந்து போகிறார்கள். 1954 வரை அது பிரெஞ்சு ஆட்சியில் இருந்தது. அதனால் பிரெஞ்சுக் குடியுரிமை வைத்திருக்கும் குடும்பங்கள் அங்கே இன்றும் உண்டு, அவர்கள் பிரான்சின் அதிபர் தேர்தலில் வாக்களிக்கிறார்கள். கூட்டாட்சி நாட்டுக்குள் இருந்துகொண்டே ஒற்றையாட்சி நாடொன்றின் அதிபரைத் தேர்ந்தெடுக்கும் மனிதர் பேருந்தில் பக்கத்து இருக்கையில் இருக்கக்கூடும் என்றால் பாடம் எவ்வளவு அருகில் வந்துவிடுகிறது! நடுவர் மன்றத் தீர்ப்பில் புதுச்சேரிக்கு என்று ஒதுக்கப்பட்ட 7 டி.எம்.சி. காரைக்கால் நிலங்களுக்கானது. காவிரி நீரைப் பற்றிய 1924 ஒப்பந்தமோ பிரிட்டிஷ் ஆட்சியின் சென்னை மாகாணத்துக்கும் மன்னராட்சி நடந்த மைசூருக்கும் இடையே ஏற்பட்டது. குடியரசான பிறகு அந்த ஒப்பந்தத்தின் கதி என்ன என்ற கேள்வியை ஒரு மாணவனே எழுப்பினான்.

இவ்வளவும் சொன்ன பிறகு இந்த வழியின் குறையையும் நேர்மையாகச் சொல்ல வேண்டும். எல்லாவற்றையும் ஆற்றில் கட்டிவிட முடியாது. நிலநடுக்கம், எரிமலை, கண்ட நகர்வு, அழுத்தக் குழுக்கள், மனித உரிமைகள் பற்றிய பன்னாட்டுப் பிரகடனம் ஆகியவற்றைக் காவிரிக்குள் இழுத்துவந்தால் ஒட்டாமல் நிற்கும். ஓராண்டு அப்படி இழுத்துப் பார்த்துப் பிள்ளைகளைக் குழப்பினேன். ஆற்று வழி ஏறத்தாழப் பாதிப் பாடத்தை மிக நன்றாகத் தாங்கும். மீதியைப் புத்தகத்தின் வரிசையில் நடத்துவதே நல்லது. ஆசிரியர் முன்கூட்டித் தயாரிக்க வேண்டிய உழைப்பும் அதிகம். அரசமைப்புச் சட்டத்தின் 262 ஆவது உறுப்பின்படி மாநிலங்களுக்கிடையேயான ஆற்று நீர் வழக்குகளிலிருந்து நீதிமன்றங்களை நாடாளுமன்றம் விலக்கி வைக்கலாம் என்றால், உச்ச நீதிமன்றம் எப்படித் தீர்ப்பளித்தது என்று கட்டாயம் ஒரு பிள்ளை கேட்கும். நடுவர் மன்றத் தீர்ப்பின்மீதான மேல்முறையீட்டை 136 ஆவது உறுப்பின் கீழ் விசாரிக்கலாம் என்று 2016 இல் நீதிமன்றமே முடிவு செய்தது என்பதைப் படித்து வைத்திருக்காத ஆசிரியர் அன்று திணறுவார்.

மூன்றாவது வழியான மாதிரி நடுவர் மன்றத்தைப் பற்றி எனக்கு ஆர்வமும் அச்சமும் சேர்ந்தே இருக்கின்றன. நான் முதன்முதலில் இதை நடத்தியபோது வகுப்பை மூன்றாகப் பிரித்தேன்: தமிழகத் தரப்பு, கர்நாடகத் தரப்பு, நடுவர்கள். தமிழகத் தரப்புக்கு இருபது பேர் எழுந்து நின்றார்கள். கர்நாடகத் தரப்புக்கு ஒருவரும் வரவில்லை. நான் பெயர் சொல்லி நிறுத்திய நால்வரும் தலை குனிந்து நின்றார்கள். பேசத் தொடங்கியதும் வகுப்பு கூச்சலிட்டது. "தண்ணி குடுக்காதவங்க பக்கம் என்னை ஏன் நிறுத்துறீங்க, டீச்சர்?" என்று அவர்களில் ஒருவன் கேட்டான். அவன் கண் கலங்கியிருந்தது. கூட்டாட்சியைக் கற்பிப்பதாக நினைத்துக்கொண்டு நான் பகையைக் கற்பித்துவிட்டேன்.

அடுத்த ஆண்டு வரிசையை மாற்றினேன். முதலில் மூன்று பாடவேளை வரைபடம் மட்டும்: கண்ணம்பாடியில் கட்டிய கிருஷ்ணராஜ சாகர் எங்கே இருக்கிறது, அதிலிருந்து பிரியும் விசுவேசுவரய்யா கால்வாய் மாண்டியாவில் எந்த நிலங்களுக்குப் பாய்கிறது, கபினி எங்கிருந்து வருகிறது, பெங்களூரு நகரம் காவிரித் தண்ணீரை எவ்வளவு உயரத்துக்கு ஏற்றிக் குடிக்கிறது. அந்த வகுப்பில் லாரி ஓட்டுநர் ஒருவரின் மகள் இருந்தாள். கோடை விடுமுறையில் அப்பாவோடு மாண்டியா வழியாகப் போயிருக்கிறாள். "அங்கயும் கால்வாய் காஞ்சுதான் கெடந்துச்சு, டீச்சர். கரும்பு மஞ்சளா இருந்துச்சு" என்றாள். அந்த ஒரு வாக்கியத்துக்குப் பிறகு கர்நாடகத் தரப்பில் பேச அவளே முன்வந்தாள். அவளோடு ஐந்து பேர் சேர்ந்தார்கள். மழை குறைந்த ஆண்டில் பற்றாக்குறையை எந்த விகிதத்தில் பங்கிடுவது என்ற கேள்வியே அன்றைய வழக்கானது. நடுவர்களாக இருந்தவர்கள் இரண்டு நாள் யோசித்துத் தீர்ப்பு எழுதினார்கள். ஆகவே மாதிரி நடுவர் மன்றம் நல்ல வழிதான், ஆனால் தனித்து நிற்கக்கூடிய வழி அன்று. ஆற்றின் முழு வரைபடமும், மேலே இருப்பவரின் வறட்சியும் பிள்ளைகளின் மனத்தில் பதிந்த பிறகே அதைத் தொட வேண்டும். மாதிரிச் சட்டமன்றத்துக்கு இந்த ஆபத்து குறைவு. பயனும் அதே அளவுக்குக் குறைவு. பேச்சுத் திறமுள்ள நான்கு பேர் பேச, மற்றவர் மேசையைத் தட்டுவதில் அது முடிந்துவிடுவதைப் பல முறை பார்த்திருக்கிறேன்.

நேரில் அழைத்துப் போகும் வழிக்குச் செலவு குறைவு, பொறுப்பு அதிகம். மதகைப் பார்க்கப் போக வேண்டுமானால் நீர்வளத் துறைப் பிரிவு அலுவலகத்தில் தலைமையாசிரியரின் கடிதத்தோடு அனுமதி பெற வேண்டும். பெற்றோர் ஒப்புதல் வாங்க வேண்டும். இருபது பிள்ளைகளுக்கு ஓர் ஆசிரியர் என்றாலும் போதாது. ஆற்றில் தண்ணீர் இருகரை தொட்டுப் போகும் ஆகஸ்ட் மாதத்தில் நான் யாரையும் கரைக்கு அழைத்துப் போக மாட்டேன். புதுத் தண்ணீர் வாய்க்காலுக்கு வந்த முதல் வாரம், முழங்கால் அளவுகூட இல்லாதபோது போவதே சரியானது.

அப்படிப் போன ஒரு நாளில் வாய்க்காலின் கலங்கல் தண்ணீரை இரண்டு கண்ணாடிப் பாட்டில்களில் பிடித்துவந்து வகுப்புச் சன்னலில் வைத்தோம். சில நிமிடங்களில் மணல் அடியில் இறங்கியது. மணி அடிப்பதற்குள் அதன்மேல் மெல்லிய வண்டல் படிந்தது. மேலே தண்ணீர் மட்டும் தேநீர் நிறத்திலேயே நின்றது. ஒரு பாட்டிலில் ஒரு கைப்பிடி உப்பைப் போட்டுக் கலக்கி மறுபடி வைத்தோம். மறுநாள் காலையில் உப்புப் போட்ட பாட்டில் தெளிந்திருந்தது, மற்றது இன்னும் கலங்கியே இருந்தது. களிமண் துகள்கள் உப்பு நீரில் ஒன்றோடொன்று ஒட்டிக் கனமாகிச் சீக்கிரம் இறங்குகின்றன. ஆறு கடலைச் சந்திக்கும் இடத்தில் சேறு படிவதற்கு இதுவும் ஒரு காரணம். முத்துப்பேட்டை அலையாத்திக் காட்டின் சேற்றில் கால் புதைந்த அனுபவம் வகுப்பில் பாதிப் பேருக்கு உண்டு. அந்தச் சேறு எப்படி வந்தது என்பதை ஒரு கைப்பிடி உப்பு சொல்லிக் கொடுத்தது. மேட்டூர் போன்ற அணைகள் வண்டலைத் தேக்கி வைத்துக்கொண்டால் கடற்கரைக்கு என்ன நேரும் என்ற அடுத்த கேள்விக்கு நான் தனியாகத் தலைப்பு எழுத வேண்டியிருக்கவில்லை.

கிராமசபைக்கு அழைத்துப் போவது இன்னும் எளிது. ஏன் பள்ளிகள் இதைச் செய்வதில்லை என்று வியப்பாக இருக்கிறது. தமிழ்நாட்டில் ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1 ஆகிய ஆறு நாள்களில் கிராமசபை கூடுகிறது. ஆகஸ்ட் 15 அன்று கொடியேற்றத்துக்குப் பிள்ளைகள் எப்படியும் பள்ளிக்கு வருவார்கள். மிட்டாய் வாங்கியபின் கூட்டம் நடக்கும் இடத்துக்கு நடந்தே போகலாம். ஊராட்சியின் வாக்காளர் பட்டியலில் பெயர் இருப்பவர்களே உறுப்பினர்கள் என்பதால் பிள்ளைகளுக்குத் தீர்மானத்தில் உரிமை இல்லை, உட்கார்ந்து கேட்கலாம். நாங்கள் போன கூட்டத்தில் ஏ, பி வகைப் பெரிய வாய்க்கால்கள் தூர்வாரப்பட்டதும் வயலுக்குத் தண்ணீர் பிரியும் சி, டி வாய்க்கால்கள் விடுபட்டதும் பற்றி அரை மணி நேரம் வாக்குவாதம் நடந்தது. தீர்மானப் பதிவேட்டில் ஒரு பெரியவர் கைநாட்டு வைத்ததை ஒரு மாணவன் இமைக்காமல் பார்த்துக்கொண்டிருந்தான். அவர் அவனுடைய தாத்தா. ஊராட்சிகளுக்கான 73 ஆவது திருத்தம், கிராமசபையைப் பற்றிய 243ஏ உறுப்பு என்ற சொற்களை அதன் பின்னர்தான் கரும்பலகையில் எழுதினேன். குறை என்னவென்றால், எந்தக் கூட்டம் எப்படிப் போகும் என்று முன்கூட்டிச் சொல்ல முடியாது. ஆள் சேராமல் கையெழுத்து மட்டும் வாங்கிக் கலைந்த கூட்டமும் உண்டு, தனிப்பட்ட சண்டையாக முடிந்ததும் உண்டு. கும்பகோணம், தஞ்சாவூர் போன்ற மாநகராட்சிப் பள்ளிகளுக்குக் கிராமசபை கிடையாது. அங்கே மாமன்றக் கூட்டத்தையோ பகுதி சபையையோ நாட வேண்டும்.

இவற்றை எடைபோட்டு நான் வந்திருக்கும் முடிவு இது. ஒன்பதாம் வகுப்புக்கு ஆற்று வழியே முதுகெலும்பாக இருக்கட்டும். ஜூன் முதல் அக்டோபர் வரை நீர்க்கோளம், வளிமண்டலம், ஆற்றின் செயல்கள், நிலவரைபடத் திறன்கள், கூட்டாட்சி, உள்ளாட்சி ஆகியவற்றை அதில் கோத்து நடத்தலாம். அதற்குள் ஒரு மதகு நடையும் ஒரு கிராமசபையும் போதும். மூன்றாவது பயணத்துக்கு ஆசைப்பட வேண்டாம். மாதிரி நடுவர் மன்றம் வரைபடப் பாடங்களுக்குப் பின், காலாண்டுத் தேர்வு முடிந்ததும் வரட்டும். ஆற்றில் சேராத பாடங்களை நவம்பர் முதல் புத்தக வரிசையில் நடத்தலாம். மழை விடுமுறைகள் குறுக்கிடும் மாதங்கள் அவை. வரிசைப் பாடம் அறுபட்டாலும் மறுபடி பிடித்துக்கொள்ளலாம், இழைப் பாடம் அறுபட்டால் பிடிப்பது கடினம். பத்தாம் வகுப்புக்கு இந்த முறையை நான் பரிந்துரைக்க மாட்டேன். அங்கே தேர்வின் அழுத்தம் உண்மையானது. பாட வரிசையிலேயே போய், வரைபட வினாவுக்கும் மத்திய, மாநில அரசுப் பாடங்களுக்கும் சென்ற ஆண்டின் ஆற்றை நினைவூட்டினால் போதும். புதிதாகப் பணியில் சேர்ந்த ஆசிரியரும் முதல் ஆண்டில் புத்தக வரிசையிலேயே நடத்திவிட்டு, மாதவாரி அட்டவணை ஒன்றை மட்டும் முயன்று பார்ப்பது நல்லது.

கடைசியாக, திட்டம் போடும்போது மறக்கக்கூடாத ஒன்று: இந்தப் பாடத்தின் தொடக்க நாளை நாம் வைத்துக்கொள்ள முடியாது. மேட்டூர் திறக்கும் நாள் ஜூன் 12 என்று வழக்கமாகச் சொன்னாலும் 2022 இல் மே 24 அன்றே திறந்தது; 2024 இல் ஜூலை 28 வரை திறக்கவில்லை. திறக்காத ஆண்டில் மதகு நடையைத் தள்ளிப் போடாதீர்கள். வறண்ட வாய்க்காலில் இறங்கி நின்றால் வெட்டுக் கரையில் மணலும் வண்டலும் களிமண்ணும் அடுக்கடுக்காகத் தெரியும். தண்ணீர் ஓடும்போது காண முடியாத பக்கம் அது. பலகை இறக்கியபடியே கிடக்கும் மதகின் முன் பிள்ளைகளை உட்காரவைத்து, இதைத் திறக்க யார் யார் சம்மதிக்க வேண்டும் என்று கேளுங்கள். லஸ்கரிலிருந்து தொடங்கி அவர்களே மேலே போவார்கள்.